கோப்பாயில் ஒரு வாள்

"கோப்பாய்க்கு ஒரு வாள் விடயமாகப் போகவேண்டியிருக்கிறது" என்று கல்லூரி ஓய்வறையில் நாம் சொன்னபோது, வரலாறு கற்பிக்கும் நண்பர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "சங்கிலி மன்னனுடைய வாளோ?" என்று ஆவலுடன் வினவினார். அவர் வினவியதிற் பிழையில்லை. 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா படையெடுத்து வந்து நல்லூரைத் தாக்கியபோது, மன்னன் தலைநகரைவிட்டுக் கோப்பாயிலிருந்த கோட்டைக்கே ஒதுங்கினான் என்பது வரலாறு. ஆனால் நாம் தேடிச் சென்றது பகைவரை வெட்டும் வாளன்று; மரம் அறுக்கும் வாள். அதிலும், சட்டத்தின் மூலையை 45 பாகையிற் சரித்து அறுக்கும் வாள். கடைக்காரர் அதனை 'மைற்றர் வாள்' என்கின்றனர். இதைக் கேட்டதும் நண்பர் தேநீரை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியாற் செல்வோர் நல்லூரையும் கல்வியங்காட்டையும் இருபாலையையும் கடந்தால் கோப்பாய் வந்துவிடும். மேற்கே உரும்பிராய்ப் பக்கமெல்லாம் செம்மண் தோட்டங்கள், வடக்கே நீர்வேலி வாழைத் தோட்டங்கள், கிழக்கே வயல்வெளி. அவ்வெளிக்கு அப்பால், கடனீரேரியை ஊடறுத்துக் கைதடிக்குச் செல்லும் வீதி. 'திராவிடப் பிரகாசிகை' இயற்றிய சபாபதி நாவலர் பிறந்த வடகோவை இவ்வூரின் ஒரு பகுதியே. ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலை இங்கிருத்தலால், வடபகுதிப் பாடசாலைகளிற் கற்பிப்போர் பலருக்குக் கோப்பாய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எமக்கோ கோப்பாய் என்பது எமது தங்கையாரின் வீடு.

அவ்வீடு எமது தந்தையார் கட்டித் தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்தது. புரட்டாசி மாதத்து முற்பகுதியில் நாம் அங்கு சென்றபோது, முன்பாதியின் கூரையைக் காணவில்லை. ஓடுகள் வேலியோரம் அடுக்கப்பட்டிருந்தன. பனம் வளைகளும் கைமரங்களும் சலாகைகளும் முற்றத்து மாமர நிழலில் மலைபோற் குவிந்து கிடந்தன. சென்ற மாரியில் வீடு முழுவதும் ஒழுகியதால், ஐப்பசி மழைக்கு முன் இரும்புச் சட்டமும் தகரமும் போட்டுவிட வேண்டுமென்று தங்கை முடிவுசெய்திருந்தார். கழற்றிய மரத்தை விறகு காலைக்காரர் ஒருவர் வந்து பார்த்து விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். விறகாகப் போகவிருந்த அந்த மரத்தை மறித்தவன் எமது மருமகன்.

மருமகனுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய புள்ளி எட்டவில்லை. மறுமுறை பரீட்சை எழுதுவதா, வெளிநாட்டுக்குப் போகும் வழியைப் பார்ப்பதா என்று வீட்டிலுள்ளோர் அனைவரும் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் பழைய சலாகையொன்றை எடுத்துச் சீவுளியால் இழைத்துக்கொண்டிருந்தான். புகையும் தூசும் படிந்திருந்த மேற்பரப்பு நீங்கியதும், கருமை நிறத்தில், பொன்னிறக் கீற்றுகள் ஓட, வைரம் பளபளத்தது. "மாமா, இதிலை படச்சட்டம் செய்தால் எப்பிடி இருக்கும்? முதலிலை தாத்தாவின்ரை படத்துக்கு ஒண்டு" என்றான். தாத்தாவின் படம் கண்ணாடி உடைந்து, கடதாசி மட்டையில் ஒட்டியபடி பல ஆண்டுகளாக அலுமாரிக்குள் இருந்தது. அவர் ஏற்றிய கூரையின் மரத்தில் அவருடைய படத்துக்குச் சட்டம் என்பது எமக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவன் சொல்லி முடிக்கவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட சலாகைகள் இருக்கின்றனவே. ஒன்றோடு நில்லாமற் பல சட்டங்கள் செய்து விற்கலாம். அதற்கு மின்சாரத்தில் இயங்கும் மைற்றர் வாள் ஒன்று வேண்டும் என்றான். கைத்தொலைபேசியில் அந்த வாள்கள் வேலைசெய்யும் காட்சிகளை எமக்கு ஒவ்வொன்றாகக் காட்டினான். வெண்ணெய் வெட்டுவதுபோல் மரம் அறுபடுகிறது.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. உவனுக்குப் பத்து விரலும் வேண்டாமோ?" என்றார் தங்கை. கணவரை இழந்த பின் தையல் வேலைசெய்து மகனைப் படிப்பித்தவர் அவர். அவர் சேர்ந்திருந்த சீட்டு அந்த மாதந்தான் கைக்கு வந்திருந்தது. எண்பதினாயிரம் ரூபா. அது கூரைத் தகரத்துக்கென வைத்த பணம். அதிலிருந்து எடுத்தால் எவ்வளவு எடுக்கலாம், எடுப்பது தகுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பொறுப்பு எம்மேல் விழுந்தது. பட்டம் பெற்ற தமையன் என்றால் வாளைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது தங்கைமாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எமக்கு மனம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகனோடு யாழ்ப்பாண நகரத்து இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். அங்கு கண்டவற்றை, இதுபோன்ற தேவையுள்ள குடும்பத்தினருக்கு உதவுமென்பதால், சற்று விரித்துச் சொல்வோம். முதலாவது, மின்சாரம் வேண்டாத வகை. மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன நீண்ட தொட்டி போன்ற பெட்டி. அதன் இருபக்கச் சுவர்களிலும் 45 பாகையிலும் 90 பாகையிலும் பிளவுகள் இருக்கும். சட்டத்தைப் பெட்டிக்குள் அணைத்துப் பிடித்து, முதுகிற் பட்டி பூட்டிய கைவாளை அப்பிளவில் இறக்கி அறுத்தால், வாள் கோணம் தவறாது. வாளும் பெட்டியுமாக ஆறாயிரம் ரூபாவுக்குள் முடிந்துவிடும். இரண்டாவது, வட்டவாள் பூட்டிய மின்பொறி. தலையைக் கைபிடியாற் கீழே அமுக்கினால் அது மரத்தில் இறங்கும். மரம் கிடக்கும் மேடை இடமும் வலமும் திரும்பிக் கோணத்தைக் கொடுக்கும். பெரும்பாலானவற்றில் தலையும் ஒரு பக்கம் சாயும். பத்து அங்குல வட்டவாள் கொண்ட சாதாரணப் பொறியொன்றுக்கு நாம் கேட்ட விலைகள் ஐம்பதினாயிரத்தைச் சுற்றியிருந்தன. மூன்றாவது, இதே பொறியின் தலை இரு தண்டுகளில் முன்னும் பின்னும் சறுக்கி ஓடும் வகை. அகலமான பலகையையும் ஒரே முறையில் அறுக்கும். அதன் விலை இலட்சத்தைத் தாண்டிற்று. மகிற்றா, பொஷ் என்று உலகறிந்த பெயர் பொறித்தவற்றின் விலையைக் கேட்டுவிட்டு, கடைக்காரரின் உடல்நலத்தை விசாரித்துக்கொண்டு வெளியேறினோம்.

இந்த மின்பொறி நீண்ட வரலாறு உடையதன்று. அமெரிக்காவின் றொக்வெல் நிறுவனம் 1964இல் இதனை ஆக்கியதென்பர். அதற்கு முன், உலகெங்கும் கதவு நிலைக்கும் படச்சட்டத்துக்கும் மூலை பொருத்திய தச்சர்கள் பலர் அந்தத் தொட்டிப் பெட்டியையும் கைவாளையும் நம்பியிருந்தனர். இதை மருமகனுக்கு எடுத்துச் சொன்னோம். "அப்ப அவைக்குக் கரண்டும் இல்லைத்தானே மாமா" என்றான். அவன் கண்ணெல்லாம் மூன்றாவது வகையிலேயே இருந்தது. வாங்குவதென்றால் பெரியதாக வாங்கிவிட்டால் பின்னர் கவலையில்லை என்பது அவன் கட்சி. உண்மையைச் சொன்னால், எமக்கும் அப்போது அதுவே நியாயமாகப் பட்டது.

அன்றிரவே கனடாவிலிருக்கும் எமது இளைய சகோதரருக்குச் செய்தி எட்டிவிட்டது. அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். "ஏன் அங்கை காசைக் கொட்டுறியள்? இஞ்சை மலிவு விற்பனையிலை நல்ல சாமான் இருக்கு. மார்கழியிலை வாறவையிட்டைக் குடுத்துவிடுறன்" என்றார். தங்கையின் முகம் மலர்ந்தது. சீட்டுப் பணம் தப்பியதல்லவா! ஆனால் பௌதிகம் கற்பிக்கும் இன்னொரு நண்பரை மறுநாள் கேட்டபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. எமது நாட்டில் 230. அங்கிருந்து வரும் வாளை இங்குள்ள சுவரிற் செருகினால் மோட்டர் கருகிப்போகும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வைக்கலாமேயென்றால், 1,800 உவாற்று இழுக்கும் வாளுக்கு, அது தொடங்கும்போது இழுக்கும் மேலதிக மின்னையும் தாங்க, 3,000 உவாற்றளவு தாங்கும் மாற்றி வேண்டும். அது ஒரு சிறு அம்மிக்கல்லின் பாரமிருக்கும், விலையும் அதற்கேற்றதே. இலண்டனிலிருந்து வருவதென்றால் வீட்டுப் பாவனைக்குரியது எமது மின்சாரத்துக்குப் பொருந்தும். ஆனால் அங்கும் கட்டட வேலைத்தளங்களுக்கென 110 வோல்ற்று வகையைத் தனியே விற்கின்றனர். வெளிநாட்டு உறவினரிடம் மின்கருவி கேட்போர், அன்பை ஏற்கு முன் அதன் முதுகில் ஒட்டிய தகட்டை ஒருமுறை படித்துச் சொல்லச் சொல்வது நன்று.

இந்நிலையிற்றான் தங்கை, "ஒழுங்கை முடக்கிலை இருக்கிற தச்சையாவைக் கேட்டுப் பார்த்தால் என்ன?" என்றார். முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

அந்தப் பெரியவருக்கு எண்பது வயதை அண்மித்திருக்கும். எமது தந்தையாரின் வீட்டுக் கதவு நிலைகளை வைத்தவரும் அவரே. இப்போது கண் சற்று மங்கிவிட்டதாற் பெரிய வேலைகளை ஏற்பதில்லை. சுளகுக்கு விளிம்பு, கோடரிக்குப் பிடி, அயற்பிள்ளைகளுக்குக் கிரிக்கெற்று மட்டை என்று கைக்கு வந்ததைச் செய்துகொண்டிருக்கிறார். பூவரச மர நிழலில் அவருடைய வேலைமேசை. அதன்கீழ் ஒரு கருவிப் பெட்டி. நாம் சென்று விடயத்தைச் சொன்னோம். சறுக்கு வாளா, சாதாரண வாளா, கைவாளா என்று நாம் படித்தறிந்தவற்றையெல்லாம் ஒப்புவித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"வாத்தியார், உங்கடை சலாகை எத்தினை அங்குல அகலம்?"

நாம் விழித்தோம். மருமகனும் விழித்தான். பத்து நாளாக வாளை அளந்துகொண்டிருந்த நாம், மரத்தை ஒருமுறையாவது அளக்கவில்லை.

"போய் அளந்துகொண்டு வாங்கோ" என்றார். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத மாணவரை நாம் அனுப்புவதுபோலவே இருந்தது. மருமகன் ஓடிப்போய் அளந்துகொண்டு வந்தான். சலாகைகள் இரண்டங்குலம், இரண்டரை அங்குலம். மிக அகன்றது மூன்று. பத்தங்குலச் சாதாரண வாள் நேராக ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேலும், 45 பாகையில் மூன்றரை அங்குலமளவும் அறுக்கும். ஆகவே சறுக்குத் தண்டுக்கு நாம் கொடுக்கவிருந்த ஐம்பதினாயிரமும், எம்மிடம் இல்லாத அகலமான பலகையை அறுப்பதற்கே! பெரியவர் சிரிக்கவில்லை. அதுதான் எமக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பின்னர் அவர் எமது முற்றத்துக்கே வந்தார். சலாகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பனை மற்றைய மரங்களைப் போன்றதன்று. வேம்பிலும் முதிரையிலும் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வைரம் வெளியில், நடுவே சோறு. முற்றிய மரத்தைத் தறித்து, நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் மென்மையை வாய்ச்சியாற் செதுக்கித் தள்ளிய பின் எஞ்சும் கரிய பகுதியே கூரைக்கு ஏறும். இரும்பு நார்களைக் கட்டி வைத்ததுபோன்ற அமைப்பு அது. நெடுக்காக எவ்வளவு பாரமும் தாங்கும். குறுக்கே அறுத்தாலோ நார் நாராகச் சிலாம்பு கிளம்பும். சாதாரண வாளின் பல்லை விரைவில் மழுக்கிவிடும். "அதோடை உது கூரையிலை கிடந்த மரம். ஒவ்வொரு முழத்துக்கும் ஓர் ஆணி. ஆணியிலை பல்லுப் பட்டால் பல்லும் போம், பறந்து வந்தால் கண்ணும் போம்" என்றார். பழைய ஒலிபெருக்கியொன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை மருமகனிடம் கொடுத்து, சலாகை முழுவதும் தடவச் சொன்னார். முதற் சலாகையிலேயே ஏழு ஆணிகள் அகப்பட்டன. அவற்றுள் மூன்று, தலை முறிந்து கண்ணுக்குத் தெரியாதிருந்தவை.

கைவாளே போதுமென்று அவர் சொல்வார் என நாம் எதிர்பார்த்திருந்தோம். முதியவர்களைப் பற்றிய எமது எண்ணங்கள் பெரும்பாலும் இப்படித்தான். அவரோ, "உந்த மிசின் கெட்டதெண்டு நான் சொல்லேல்லை" என்றார். ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. இருபது சட்டத்துக்கு நூற்றறுபது. பனையை நூற்றறுபது முறை கையால் அறுத்தாற் பொடியனுடைய மணிக்கட்டு தாங்காது, ஆசையும் தாங்காது. ஆனால் முதலாவது சட்டத்தைக் கையால் அறுக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். அதற்குத் தமது கருவிகளையே தருவதாகச் சொன்னார்.

அந்தக் கருவிப் பெட்டியை அவர் திறந்து காட்டினார். உளிகள், துறப்பணம், கொட்டாப்புளி, மூலைமட்டம். அடியில், எண்ணெய்த் துணியிற் சுற்றிய ஒரு வாள். முதுகிற் பித்தளைப் பட்டி பூட்டிய, இங்கிலாந்தின் செபீல்டு நகரத்து வாள். 1760இற் றொடங்கிய ஸ்பியர் அண்டு ஜக்சன் என்னும் கம்பனியின் பெயர் அதில் மங்கலாகத் தெரிந்தது. அலகில் ஆங்காங்கே குழிகுழியாகத் துரு தின்ற தடங்கள். அவற்றின் காரணத்தைக் கேட்டோம்.

1995 ஒற்றோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது, சனத்தின் ஒரு பகுதி செம்மணி வழியாகவும் ஒரு பகுதி இந்தக் கோப்பாய்–கைதடி வீதியாலும் நகர்ந்தது. எமக்கு அப்போது பதினைந்து வயது. மழையில், தாயாரின் கையைப் பிடித்தபடி, ஓர் அடி எடுத்துவைக்க ஒரு நாழிகை காத்து நின்று, அந்தக் கடனீரேரியைக் கடந்த இரவை நாம் மறந்ததில்லை. பெரியவர் அன்று மாலை செய்தது என்னவென்றால், கருவிகளைத் தேங்காயெண்ணெயில் தோய்த்த சாக்கிற் சுற்றி, பூவரச மரத்தடியில் இரண்டு முழ ஆழத்திற் புதைத்ததுதான். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கூரையில்லை, கதவில்லை. மரத்தடியில் வாள் இருந்தது. அந்த வாளால் தமது வீட்டுக் கதவையும், பின் அயலவர் வீடுகளின் கதவுகளையும் செய்தார். 1990இல் தீபகற்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அற்றுப்போன பின், நாம் ஜாம் போத்தல் விளக்கிற் படித்த அந்தக் காலம் முழுவதும், கைவாளையன்றி வேறு வாளுக்கு இங்கு வேலையிருக்கவில்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற பங்குனி முடிவிலும் தமது பட்டறை மட்டும் நிற்கவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் சிறு பெருமிதம் தெரிந்தது.

அவருடைய இடக்கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை. அது இளமையில், மர ஆலையொன்றில், வட்டவாளிற் போனது. "வாள் நிண்டுபோச்செண்டு நினைச்சன்; நிக்கேல்லை" என்றார். தங்கை எம்மைப் பார்த்தார்.

மின்வாளை இயக்குவோர்க்கு அவர் மருமகனிடம் சொன்னவற்றை இங்கே எழுதிவைக்கிறோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முறை சுழலும் பொருள் அது. மரத்தைப் பிடிக்கும் கை வாளிலிருந்து ஒரு சாணாவது விலகியிருக்கவேண்டும். அவ்வளவு விலக முடியாத சிறு துண்டைப் பொறியில் அறுக்கவே கூடாது, கைவாளால் அறுக்கவேண்டும். ஒரு கையை மறுகைக்கு மேலாகக் குறுக்கே நீட்டலாகாது. வாள் முழு வேகம் எடுத்த பின் இறக்கவேண்டும்; அறுத்ததும் விசையை விட்டு, வாள் முற்றாக நின்ற பின்னரே தலையை உயர்த்தவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி. சாரம் கட்டிக்கொண்டு அருகிற் போகக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டு மருமகன் சிரித்தான். யாழ்ப்பாணத்து ஆண்களில் வீட்டில் சாரம் கட்டாதவர் யார்? பெரியவர் சிரிக்கவில்லை.

இதன்பின் நாம் மீண்டும் கடைக்குச் சென்றபோது வேறு மனிதராகச் சென்றோம். கையில் மூலைமட்டம், சட்டைப்பையில் மூன்றங்குலச் சலாகைத் துண்டு. பெட்டியைப் பிரித்துக் காட்டினாலன்றி வாங்கோம் என்றோம். முதற் கடையிற் காட்டிய பொறியின் பின்தாங்கி, அதாவது மரத்தை அணைத்து வைக்கும் செங்குத்துத் தகடு, நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது நடுவில் வளைந்திருந்தது. அது வளைந்தால் எந்தக் கோணமும் பொய்யாகும். விற்பவர், "சேர், உது ஒரு நூல்தானே" என்றார். ஒரு நூலுக்காகத்தான் நாம் ஐம்பதினாயிரம் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டாவது கடையில், பத்தங்குலம், சறுக்கு இல்லாதது, தலை ஒரு பக்கம் மட்டும் சாய்வது, 1,600 உவாற்று. தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம், ஆடவில்லை. தேயும் காபன் பிறஷ் உள்ளூரிற் கிடைக்குமா என்று கேட்டோம். இருந்தது, ஒரு சோடி வாங்கிவைத்தோம். வாளுடன் வந்த வட்டத் தகட்டில் இருபத்துநான்கு பற்கள்; அது முரட்டு வெட்டுக்கு. பனையின் சிலாம்பு அடங்க, நுனியிற் காபைட்டு பதித்த அறுபது பல் தகடு ஒன்றைத் தனியே வாங்கினோம். பெயருக்குக் கொடுக்காத பணத்தைப் பல்லுக்குக் கொடுத்தோம் என்று தங்கையிடம் கணக்குச் சொன்னோம். எல்லாமாக ஐம்பத்தெட்டாயிரம். தகரத்துக்குக் குறைந்த பங்கை நாம் போட்டோம். அதைத் தங்கை கடனென்று எழுதிவைத்திருக்கிறார்.

வாள் வீட்டுக்கு வந்ததும் உடனே இயங்கியதென்று நினைக்கவேண்டாம். அது ஏழு அம்பியர் இழுக்கும். விறாந்தையிலிருந்த செருகி தந்தையார் காலத்தது. புவித்தொடுப்புக் கம்பி இருந்த இடத்தில் சிலந்தி குடியிருந்தது. மின்னிணைப்பாளர் வந்து அதைச் சீர்செய்ய இரண்டு நாள் சென்றது. அந்த இரண்டு நாளில்தான், பெரியவரின் வாளாலும் பெட்டியாலும், மருமகன் தாத்தாவின் படத்துக்குச் சட்டம் அறுத்தான். ஒரு வெட்டுக்கு அரைமணி நேரம். சட்டத்தின் பின்னால் வீணான வேப்பங்கட்டை ஒன்றை அணைத்துப் பிடித்தால், வாள் வெளியேறும் பக்கத்திற் சிலாம்பு தெறிக்காது என்பதை நான்காவது வெட்டிற் கற்றான்.

விசயதசமியன்று காலை, ஏடு தொடக்கும் பிள்ளைகள் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வேளையில், நான்கு துண்டுகளையும் தரையில் வைத்துப் பொருத்தினோம். மூன்று மூலைகள் ஒன்றையொன்று முத்தமிட்டன. நான்காவது மூலையில், ஒரு நெற்குத்தி நுழையும் அளவு இடைவெளி. மருமகனின் முகம் வாடிவிட்டது. "ஒவ்வொரு வெட்டும் சரியாத்தானே மாமா இருந்தது?" என்றான். இங்கே தான் எமது படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு வெட்டும் 45 பாகைக்குப் பதிலாக 44½ பாகை என்று வைத்துக்கொள்வோம். அரைப் பாகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரு வெட்டுச் சேர்ந்து ஒரு மூலை. அது 89 ஆகும். நான்கு மூலைக்கு 356. குறைந்த நான்கு பாகையும் எங்கே போகும்? கடைசியாகப் பொருத்தும் மூலையில் வந்து நிற்கும். எட்டுப் பேர் தெரியாமற் செய்த சிறு பிழையை ஒருவர் தலையிற் சுமத்துவதுபோல. நான்காவது மூலை குற்றமற்றது என்று சொன்னதும் அவன் மணலிற் கோணம் வரைந்து தானே கணக்கைச் சரிபார்த்தான்.

பெட்டியின் பிளவு நெடுங்காலப் பாவனையால் அகன்று, வாள் அதற்குள் சற்று ஆடியதே காரணமென்று பெரியவர் கண்டுபிடித்தார். அன்று மாலை மின்வாளைத் தொடங்கியபோது, அதன் மேடையிற் பொறித்த 45 என்ற கோட்டையும் மருமகன் நம்பவில்லை. வீணான மரத்தில் ஒரு சிறு சட்டம் அறுத்து, நான்கையும் பொருத்திப் பார்த்தான். மயிரிழை இடைவெளி. திருகாணியைத் தளர்த்தி, பின்தாங்கியை நகர்த்தி, மீண்டும் ஒரு சிறு சட்டம். ஐந்தாவது சட்டத்தில் ஒளி புகவில்லை. எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே நீளமாக வர, மேடையில் ஒரு தடுப்புக் கட்டையைப் பூட்டினான். அதையும் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். கைவாளில் ஒரு நாள் எடுத்த எட்டு வெட்டு, பொறியிற் கால்மணி நேரத்தில் முடிந்தது. தங்கை அந்தக் கால்மணி நேரமும் குசினிக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பொறி நின்றதும் வெளியே வந்து, முதலில் மகனின் விரல்களைத்தான் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தது அதன் பிறகே.

இரண்டாவது சட்டம் குறையற்றது. தாத்தாவின் படத்துக்கு அதையே போடலாமென்று மருமகன் எடுத்தபோது தங்கை மறுத்துவிட்டார். "கையாலை அறுத்ததைப் போடு. அந்த மூலையைச் சுவர்ப்பக்கம் சரிச்சுக் கொழுவினால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். ஆனால் கொழுவும்போது சரித்ததாகத் தெரியவில்லை. புதுக் கூரையின் கீழே, வாசலுக்கு நேரே, இடைவெளியுள்ள மூலை எல்லாருக்கும் தெரியும்படியாகத்தான் தந்தையார் இருக்கிறார். குறையற்ற சட்டத்தை அயலிலுள்ள அம்மா ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளையின் படத்துக்கென்று விலைகொடுத்து வாங்கிக்கொண்டார். விறகு காலைக்காரர் மறுமுறை வந்து, வெறும் சோத்தியும் செதுக்கலும் மட்டுமே கிடப்பதைக் கண்டு திரும்பிப் போனார். பரீட்சையா, வெளிநாடா என்ற பேச்சு முடிந்துவிடவில்லை. இப்போது அதை வாளின் ஓசை நின்ற இடைவேளைகளிற் பேசுகிறார்கள்.

மாலையில் நாம் கோப்பாய்ச் சந்தியிற் பேருந்துக்குக் காத்து நின்றோம். கிழக்கே வயல்வெளிக்கு மேல் மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வழியனுப்ப வந்த மருமகன், "மாமா, எட்டு மூலைச் சட்டம் எண்டால் எத்தினை பாகை?" என்றான். மணிக்கூட்டுக்குச் சட்டம் செய்யப்போகிறானாம். பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினோம்: ஒவ்வொரு வெட்டும் 22½ பாகை, மொத்தம் பதினாறு வெட்டு, அரைப் பாகை பிழைத்தால் கடைசி மூலையில் எட்டுப் பாகை வாய் பிளக்கும். அவன் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பேருந்தில் ஏறிய பின்புதான், அது அன்று காலை நாம் வந்த சீட்டன்று, திரும்பிப் போவதற்கு முன்கூட்டி எடுத்த சீட்டு என்பது எமக்கு நினைவு வந்தது. நடத்துனரிடம் இன்னொன்று வாங்கினோம்.